புதுச்சேரியில் புதிய மதுக்கடை: வாகன நிறுத்துமிடம் போதும் என்று நிறுவுவது எப்படி?

கடலூரிலிருந்து பேருந்தில் புதுச்சேரிக்கு வருபவர்கள், முள்ளோடையைத் தாண்டியதும் வண்டி சற்று ஊர்ந்து செல்வதைக் கவனித்திருப்பார்கள். சனிக்கிழமை மாலையென்றால் அந்த ஊர்தல் இன்னும் நீளும். கடைக்குள் கூட்டம் இருப்பது சாலையில் போகிறவருக்குத் தொல்லையில்லை. கடைக்கு வந்தவரின் வண்டி தார்ச்சாலையின் மேல் நிற்பதுதான் தொல்லை. புதிதாக ஒரு சில்லறை மதுக்கடைக்கு இடம் பார்ப்பவரும், அவருக்காக வரைபடம் போட்டு விளக்கக் குறிப்பு எழுதித் தரும் இளம் வரைவாளரும் இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும். நீங்கள் நிறுவப் போவது உங்கள் மனையில் இத்தனை கார்கள் நிற்கும் என்பதை அன்று. மிக நெருக்கடியான ஒரு மணி நேரத்திலும் ஒரு வண்டிகூடச் சாலையில் நிற்க வேண்டிய தேவை வராது என்பதையே நிறுவப் போகிறீர்கள்.

தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் நிறுவனத்தின் வசம் இருப்பதால், கடலூரில் தனியார் ஒருவர் இப்படியொரு விண்ணப்பத்தைத் தயாரிக்கும் நிலையே எழுவதில்லை. புதுச்சேரியில் 1970-ஆம் ஆண்டின் கலால் சட்டப்படி உரிமம் பெற்ற தனியாரே கடை நடத்துகிறார்கள். ஆகவே இக்கட்டுரை புதுச்சேரிப் பகுதியில் அமையும் கடைக்கானது. ஆனால் கடலூர்க்காரர்கள் இதில் இரண்டு வகையில் வருகிறார்கள்: எல்லையோரக் கடைகளுக்கு வாடிக்கையாளராகவும், அந்தச் சாலையை நாள்தோறும் பயன்படுத்தி முறையிடுபவராகவும்.

முதலில், கடை எந்த வகை என்பதை முடிவு செய்யுங்கள்

நிறுத்துமிடக் கணக்கு முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றியே அமைகிறது: கடையில் பாட்டில் மட்டும் விற்கப்படுமா, அல்லது உட்கார்ந்து குடிக்கும் பார் வசதியும் உண்டா? புதுச்சேரியில் ‘எஃப்.எல். 2’ என்று வழங்கும் சில்லறை உரிமத்தில் இரண்டுவிதக் கடைகளும் நடக்கின்றன. மக்கள் பேச்சில் இரண்டும் ‘ஒயின் ஷாப்’தான். ஆனால் பாட்டில் வாங்கிப் போகிறவரின் வண்டி ஐந்து நிமிடம் நிற்கும், பாருக்குள் சென்றவரின் வண்டி ஒரு மணி நேரம் நிற்கும். ஒரு மணிக்கு 30 இருசக்கர வாகனங்கள் வருவதாக வைத்துக்கொண்டால், முதல் வகைக் கடையில் எந்த நேரத்திலும் சராசரியாக இரண்டு அல்லது மூன்று வண்டிகள்தாம் நிற்கும். இரண்டாம் வகையில் அதே 30 வண்டிகளும் ஒன்றாக நிற்கும். வருகை ஒன்றே, இடத்தேவை பன்னிரண்டு மடங்கு. இதை முடிவு செய்யாமல் எழுதப்படும் குறிப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். பார் பின்னால் வரலாம் என்று உரிமையாளர் தயங்கினால், பார் இருப்பதாகவே கொண்டு கணக்கிடுங்கள். பிறகு சேர்க்கப் போனால் முதல் குறிப்பே உங்களுக்கு எதிரான ஆவணமாகிவிடும்.

யார் யார் கேட்பார்கள் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. கட்டட வரைபடம் நகர அமைப்புக் குழுமத்திற்கும், வணிக உரிமம் புதுச்சேரி அல்லது உழவர்கரை நகராட்சிக்கும், ஊரகப் பகுதியென்றால் வில்லியனூர், அரியாங்குப்பம், பாகூர் போன்ற கொம்யூன் பஞ்சாயத்துக்கும், மது உரிமம் கலால்துறைக்கும் போகும். போக்குவரத்துக் காவல்துறையின் கருத்தும் இடையில் கேட்கப்படலாம். நான்கு மேசைகளுக்கும் ஒரே எண்ணிக்கை போக வேண்டும். ஒரு மேசையில் ஐந்து கார், மற்றொன்றில் எட்டு கார் என்று இருந்தால் அதை முதலில் கண்டுபிடிப்பவர் எதிர்ப்பு மனு எழுதும் பக்கத்து வீட்டுக்காரராகத்தான் இருப்பார்.

சாலை எத்தகையது என்று பாருங்கள்

உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று அளித்த தீர்ப்பில், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் விளிம்பிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்பனைக்கு உரிமம் கூடாது என்றது. 2017 மார்ச் 31 அன்று, மக்கள்தொகை 20,000 அல்லது அதற்குக் குறைவாக உள்ள உள்ளாட்சிப் பகுதிகளுக்கு அந்தத் தூரத்தை 220 மீட்டராகக் குறைத்தது. அதே ஆண்டு ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் உள்ள உரிமங்களை அந்தத் தடை கட்டுப்படுத்தாது என்று தெளிவுபடுத்தியது. உங்கள் மனைக்கு இதில் எது பொருந்தும் என்பதைக் கலால் அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுப் பெறுங்கள்.

தூரத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதே தீர்ப்பில் இருந்த மற்றொரு செய்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கடை நெடுஞ்சாலையிலிருந்து பார்வைக்குத் தெரியவோ, நேரடியாக அணுகத்தக்கதாகவோ இருக்கக் கூடாது என்றும் அது சொன்னது. நிறுத்துமிடத்தின் வாயில் எந்தப் பக்கம் திறக்கிறது என்பது இதனால் வரைபட வசதிக்கான முடிவாக மட்டும் இருப்பதில்லை. இரண்டு பக்கமும் சாலை உள்ள மூலை மனையாக இருந்தால், தடை உங்களுக்குப் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும், கிளைத் தெருவின் பக்கமாக வாயிலை வைப்பதே என் பரிந்துரை. கடலூர் சாலையிலோ கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ வேகமாக வரும் வண்டி, திடீரென்று நின்று இடப்பக்கம் திரும்பும் இருசக்கர வாகனத்தை எதிர்பார்ப்பதில்லை.

மனையை நீங்களே அளந்துவிடுங்கள்

பத்திரத்தில் இருக்கும் அளவை நம்பி வரைவது பழைய பிழை, நானும் செய்திருக்கிறேன். ஒருமுறை ஆறு கார்களுக்கு இடம் காட்டி வரைந்து கொடுத்தேன். நேரில் போய்ப் பார்த்தபோது மின்கம்பத்தின் இழுகம்பி சரியாக வாயிலின் நடுவில் தரையில் புதைந்திருந்தது. வாயிலை நகர்த்தியதும் ஆறு நான்காகக் குறைந்தது. நான் மறுபடியும் வரைந்து, உரிமையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அன்றிலிருந்து டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய் முன்பக்கத்தில் உள்ள எல்லாவற்றையும் குறிக்கிறேன்: கம்பம், மின்பெட்டி, மரம், வாய்க்காலின் அகலம், அதன் மேல் உள்ள பலகைக்கல்லின் நிலை, பேருந்து நிறுத்தம், எதிர் வீட்டின் வாசல். வாய்க்காலுக்கு அப்பால் உள்ள மண்பரப்பு உங்களுடையதன்று என்பதை உரிமையாளருக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அதில் சிமெண்டு போட்டு வண்டி நிறுத்திக்கொள்ளலாம் என்பது அநேகமாக எல்லோருக்கும் தோன்றும் யோசனை. ஆக்கிரமிப்பு அகற்றும் நாளில் அந்த இடங்கள் அனைத்தும் கணக்கிலிருந்து போய்விடும். சாலை விரிவாக்கத்துக்கு ஒதுக்கிய கோடு மனைக்குள் வருகிறதா என்பதையும் நகர அமைப்புக் குழுமத்தில் கேட்டு, அந்தக் கோட்டுக்கு உள்ளேயிருந்தே அளவைத் தொடங்குங்கள்.

இதே போன்ற கடையில் எண்ணிப் பாருங்கள்

அமெரிக்காவில் போக்குவரத்துப் பொறியாளர்கள் பயன்படுத்தும் கையேடுகளில் மதுக்கடைக்கெனத் தனிப் பிரிவே உண்டு. இத்தனை சதுர அடிக்கு இத்தனை வருகை என்று அதில் பார்த்து எழுதிவிடலாம். இணையத்தில் கிடைக்கும் அந்த எண்களை எடுத்து இங்கே ஒட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எண்கள் எல்லோரும் காரில் வரும் ஊருக்கானவை. நம் ஊரில் பெரும்பாலோர் இருசக்கர வாகனத்தில் வருகிறார்கள். சிலர் டெம்போவில் வந்து இறங்குகிறார்கள். பலர் நடந்தே வருகிறார்கள். உள்ளூர் விதியில் உள்ள தளப்பரப்புக் கணக்கையும் (கடையின் இத்தனை சதுர மீட்டர் தளத்துக்கு இத்தனை வண்டி இடம் என்பது) முதலில் போட்டு எழுதிவிட வேண்டும், ஏனெனில் அது சட்டம் கேட்கும் குறைந்த அளவு. ஆனால் தளப்பரப்பை மட்டும் கொண்டு கணக்கிட்டால் 50 சதுர மீட்டர் கடைக்கு ஒன்றிரண்டு கார் இடம் வந்தாலே அதிகம். அந்த எண்ணைக் காட்டி இடம் போதும் என்று எழுதினால், மாலையில் அந்தப் பக்கம் போயிருக்கும் எந்த அதிகாரியும் நம்ப மாட்டார். ஆகவே நேரில் எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை.

உங்கள் மனையைப் போன்ற சாலையில், ஏறத்தாழ அதே அளவில், அதே வகையில் உள்ள ஒரு கடையைத் தேர்ந்தெடுங்கள். எல்லையோரக் கடைக்கு நகரின் நடுவிலுள்ள கடையை ஒப்பிடக் கூடாது. முள்ளோடை, கன்னியக்கோவில் பக்கம் வருபவர்களில் கடலூர்ப் பதிவான டி.என். 31 எண் கொண்ட வண்டிகள் நிறைய இருக்கும். நேரு வீதிப் பக்கத்தில் வாடகை ஸ்கூட்டரில் சுற்றும் வெளியூர்க்காரர்கள் இருப்பார்கள். இருவரின் பழக்கமும் வேறு. ஒரு சாதாரண வேலை நாள், ஒரு சனிக்கிழமை, ஒரு ஞாயிறு என மூன்று நாள்களாவது மாலை 6 மணி முதல் கடை மூடும் வரை எண்ணுங்கள். தமிழ்நாட்டில் மதுக்கடைகளுக்கு விடுமுறையாகவும் புதுச்சேரியில் திறந்தும் இருக்கும் நாள் ஒன்று கிடைத்தால் அதைத் தவற விடாதீர்கள். எல்லையோரக் கடையின் உண்மையான உச்சம் அன்றுதான் தெரியும். ஆல்பேட்டைச் சோதனைச் சாவடியில் வரிசை நீள்வதும் அன்றுதான்.

எண்ணுவதற்கு இரண்டு பேர் போதும். ஒருவர் வரும் வண்டியின் கடைசி நான்கு எண்களையும் வந்த நேரத்தையும், மற்றவர் போன நேரத்தையும் குறிக்க வேண்டும். பிறகு இரண்டையும் பொருத்தினால் ஒவ்வொரு வண்டியும் எவ்வளவு நேரம் நின்றது என்பது கிடைக்கும். கடையின் எதிரில் நின்று தாளும் பேனாவுமாகக் குறிப்பவரைக் கலால் அதிகாரி என்று நினைத்துக் கலவரப்படுவார்கள். முதலிலேயே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு எதிர்த் தேநீர்க் கடையில் உட்கார்ந்துகொள்வது உத்தமம். பக்கத்தில் சுண்டல், அவித்த முட்டை விற்கும் தள்ளுவண்டி இருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தள்ளுவண்டி இருக்கும் கடையில், பாட்டில் மட்டும் விற்றாலும், வண்டிகள் நிற்கும் நேரம் கூடிவிடுகிறது. காருக்குள்ளேயே குடித்து முடிப்பவர்களால் நிறுத்துமிடம் அறிவிக்கப்படாத பாராகிறது. சராசரியை மேலே இழுப்பவர்கள் இவர்களே.

கணக்கு

சூத்திரம் எளிது. ஒரு மணி நேரத்தில் வரும் வண்டிகளின் எண்ணிக்கையை, ஒரு வண்டி நிற்கும் சராசரி நிமிடங்களால் பெருக்கி, 60-ஆல் வகுத்தால், ஒரே நேரத்தில் நிற்கும் வண்டிகளின் சராசரி கிடைக்கும். எடுத்துக்காட்டுக்கு, சனிக்கிழமை உச்ச நேரத்தில் 96 இருசக்கர வாகனங்கள் வந்து தலா 5 நிமிடமும், 12 கார்கள் வந்து தலா 10 நிமிடமும் நின்றதாக வைத்துக்கொள்வோம். சராசரியாக 8 இருசக்கர வாகனங்களும் 2 கார்களும் நிற்கும்.

இங்கேதான் புதியவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். சராசரி அளவுக்கு மட்டும் இடம் விட்டால், பல நேரங்களில் அதைவிடக் கூடுதலான வண்டிகள் நிற்கும். வண்டிகள் சீராக வருவதில்லை, கொத்தாக வருகின்றன. ஆகவே சராசரியோடு அதன் வர்க்கமூலத்தின் இரு மடங்கைக் கூட்டுங்கள். எட்டின் வர்க்கமூலம் ஏறத்தாழ 2.8; இரு மடங்கு 5.6, கூட்டினால் 13.6, அதாவது 14 இடம். இரண்டுக்கு அதேபோல் 4.8, அதாவது 5 இடம். வண்டிகள் ஒன்றோடொன்று தொடர்பின்றித் தற்செயலாக வருவதாகக் கொண்டால், இந்த அளவு இடம் இருக்கும்போது நிறுத்துமிடம் நிரம்பி வழியும் நேரம் நூற்றில் ஐந்துக்கும் குறைவாகவே இருக்கும். தளப்பரப்புக் கணக்கின் ஒன்றிரண்டு எங்கே, இந்த 14-உம் 5-உம் எங்கே என்பதைக் குறிப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். விதி கேட்பதைவிடக் கூடுதலாக, அதுவும் காரணத்தோடு தருகிறீர்கள் என்பதே உங்கள் வாதத்தின் வலிமை.

நான்கு இருசக்கர வாகனங்களை ஒரு காரின் இடத்துக்குச் சமமாகக் கொள்வது வழக்கம். 14 வண்டிகள் என்பது நான்கு கார் இடம். ஐந்து கார்களோடு சேர்த்து ஒன்பது. திரும்பும் வழியையும் சேர்த்துத் திறந்தவெளியில் ஒரு கார் இடத்துக்கு 23 சதுர மீட்டர் வேண்டும் என்று திட்டமிடுவோர் கொள்கிறார்கள்; ஆக 207 சதுர மீட்டர். 50 சதுர மீட்டர் கடைக்கு அதைப்போல் நான்கு மடங்கு திறந்தவெளி! மனையை விலை பேசுவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மனையில் பொருத்துதல்

முன்பக்கம் 14 மீட்டர், உள்நீளம் 22 மீட்டர் உள்ள மனை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கடையைப் பின்னால் 7 மீட்டர் ஆழத்துக்குள் தள்ளிவிட்டால், முன்னால் 14-க்கு 15 மீட்டர், அதாவது 210 சதுர மீட்டர் கிடைக்கும். இடப்பக்கச் சுவரை ஒட்டி 5 மீட்டர் ஆழத்தில் கார்கள். நடுவில் 6 மீட்டர் வழி. வலப்பக்கம் 2 மீட்டர் ஆழத்தில் இருசக்கர வாகனங்கள். மிச்சமுள்ள 1 மீட்டர் நடந்து வருபவர்க்கு. ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம். மாற்றுத்திறனாளிக்கான இடம் 3.6 மீட்டர் அகலம், அதைக் கடை வாசலை ஒட்டி வையுங்கள். நான்கு சாதாரண இடமும் அந்த ஒன்றும் சேர்ந்து 13.6 மீட்டர். மீதியுள்ள 1.4 மீட்டரைச் சாலைப் பக்கம் விட்டு, அங்கே இடுப்பு உயரத்துக்கு மேல் எதுவும் வளராமல் பார்த்துக்கொண்டால், வெளியேறும் வண்டிக்குச் சாலை தெரியும். காருக்குப் பின்னால் 6 மீட்டர் வழி இருப்பதால், வண்டிகள் உள்ளேயே பின்னிழுத்துத் திரும்பி, முகப்பு சாலையை நோக்கிய நிலையில் வெளியேற முடியும். பின்பக்கமாகச் சாலைக்குள் இறங்க வேண்டிய எந்த அமைப்பையும் வரையாதீர்கள். அதிகாரி முதலில் தேடுவது அதையே.

இருசக்கர வாகன இடத்தைக் கார் இடத்தைவிட வாயிலுக்கு அருகில் வைக்க வேண்டும். ஐந்து நிமிட வேலைக்கு வந்தவர் உள்ளே வளைந்து செல்ல மாட்டார்; வாயில் தூரமாக இருந்தால் சாலையோரத்திலேயே ஸ்டாண்டு போட்டுவிடுவார்.

சரக்கு வண்டி தனிச் செய்தி. டாடா ஏஸ் போன்ற சிறு வண்டி ஏறத்தாழ 3.8 மீட்டர் நீளமே என்பதால் நடுவழியின் கடைசியில் நிற்க முடியும். கடை திறப்பதற்கு முன் காலையில் மட்டும் சரக்கு இறக்கப்படும் என்று எழுதி, அதைக் கடைப்பிடியுங்கள். பெரிய லாரி வரும் என்றால் இந்த மனை போதாது.

பழைய நகரத்துக்குள் கடை என்றால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. திண்ணையும் தாழ்வாரமுமாகத் தெருவை ஒட்டி, பொதுச்சுவரோடு நிற்கும் வீடுகளுக்கு நடுவே 210 சதுர மீட்டர் திறந்தவெளி எங்கே கிடைக்கும்? அருகில் உள்ள காலிமனையையோ, மாலையில் மூடிவிடும் அலுவலகத்தின் முற்றத்தையோ குத்தகைக்கு எடுப்பதுதான் வழி. அந்தக் குத்தகை ஓராண்டுக்கு மேற்பட்டதாகவும் பதிவு செய்யப்பட்டதாகவும் இருக்கட்டும். 11 மாத ஒப்பந்தத்தைக் காட்டி நிரந்தரக் கடைக்கு வாதாட முடியாது. கடை வாசலில் நின்றால் அந்த இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாத இடத்தைக் காகிதத்தில் சேர்க்கலாமே தவிர, ஒருவரும் அங்கே போய் வண்டி நிறுத்த மாட்டார்கள். அத்தகைய இடம் அமையாவிட்டால், அந்தக் கட்டடத்தில் கடை வேண்டாம் என்று உரிமையாளரிடம் சொல்லிவிடுவதே நேர்மை.

குறிப்பை எழுதும்போது

எட்டுப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். கடையின் வகை, மனையின் அளவு, விதிப்படியான எண், நேரில் எண்ணிய எண், அதிலிருந்து வந்த தேவை, வரைபடத்தில் தந்திருக்கும் இடம் என்ற வரிசையில் எழுதி, எண்ணிய தாள்களின் நகலைப் பின்னால் இணையுங்கள். நடந்தும் டெம்போவிலும் வந்தவர்களின் எண்ணிக்கையைத் தனியாகக் காட்டுங்கள், ஆனால் அதைச் சாக்காக வைத்து வண்டிகளின் எண்ணைக் குறைக்காதீர்கள். மாலை 6 மணி முதல் மூடும் வரை ஒரு காவலாளி நிற்பார், வளாகத்துக்குள் குடிக்க அனுமதியில்லை, தள்ளுவண்டிக்கு இடமில்லை, விளக்கும் கண்காணிப்பு காமிராவும் இருக்கும் என்ற உறுதிமொழிகளும் நிறுத்துமிடக் கணக்கின் பகுதியே. ஐந்து நிமிடம் என்ற உங்கள் சராசரி இவற்றின் மேல்தான் நிற்கிறது.

பார் உள்ள கடையென்றால், குடித்தவர் வண்டியை எடுக்க நீங்களே இடம் செய்து தருகிறீர்களா என்ற கேள்வி வந்தே தீரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருந்தால் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. வண்டியை இரவு முழுவதும் விட்டுச் செல்லலாம் என்று அறிவிப்புப் பலகை வைப்பதாகவும், ஆட்டோ நிற்க வாயிலருகே ஓரிடம் ஒதுக்குவதாகவும் எழுதுங்கள். அப்படி விட்டுச் சென்ற வண்டிகள் மறுநாள் காலையிலும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் என்பதால், அவற்றுக்கென நான்கைந்து இருசக்கர வாகன இடங்களைத் தேவையோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

நேரடி ஆய்வுக்கு நாள் குறித்ததும், முதல் நாளே சுண்ணாம்பால் தரையில் எல்லாக் கோடுகளையும் போட்டுவிடுங்கள். தெரிந்தவர்களிடம் ஐந்து கார்களையும் பத்துப் பதினைந்து இருசக்கர வாகனங்களையும் இரவல் வாங்கி உள்ளே நிறுத்தி, ஒரு டாடா ஏஸைக் கொண்டுவந்து திருப்பிப் பாருங்கள். எங்காவது கண்ணாடி சுவரில் உரசினால், அன்று மாலையே கோட்டை மாற்றி, வரைபடத்தையும் மாற்றிக்கொள்ள இன்னும் ஓர் இரவு இருக்கிறது.